தைத்துத் தைத்து உடுத்த சட்டை

பத்து வயதில் நான் கராத்தே பழகப் போனபோது அம்மாதான் உடுப்புத் தைத்துத் தந்தார். கடையில் வாங்க வசதியில்லை. பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றை வெட்டி, கைமெசினில் இரண்டு இரவு இருந்து தைத்தது. மட்டக்களப்பு வாவிக்கரையில் நடந்த அந்த வகுப்பில், முதல் நாளே கமக்கட்டில் கிழிந்துவிட்டது. கடை உடுப்புப் போட்ட பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த கிழமை நான் போகவில்லை. ஏன் என்று அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

அந்த வெள்ளை உடுப்பு எங்கிருந்து வந்தது என்று இருபது வருடம் கழித்துத் தேடியபோதுதான் ஜிகோரோ கானோவின் வாழ்க்கையை வாசித்தேன்.

கானோ 1860 இல் ஜப்பானின் கோபே நகருக்கு அருகே மிகாகே என்ற ஊரில், அரிசி மதுபானம் வடிக்கும் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து, தகப்பனோடு டோக்கியோவுக்குப் போனார். படிப்பில் கெட்டிக்காரர், உடம்போ சிறியது. பள்ளிக்கூடத்தில் பெரிய பையன்களிடம் அடிவாங்கியதால்தான் ஜூஜூட்சு பழக ஆசைப்பட்டார். சாமுராய்களின் காலம் முடிந்து, அந்தக் கலையை யாரும் மதிக்காத நேரம் அது. எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்த புகுடா என்ற ஆசானிடம் 1877 இல் சேர்ந்தார்.

அக்காலப் பயிற்சிச் சட்டைக்குக் கை குட்டை. கீழே தொடையளவு காற்சட்டை. விழுந்து புரளும்போது முழங்கையும் முழங்காலும் உரிந்துபோகும்.

1882 இல், இருபத்தொரு வயதில், டோக்கியோவின் எய்ஷோஜி பௌத்த கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவு இடத்தில், ஒன்பது மாணவர்களோடு கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். ஜூஜூட்சுவின் ஆபத்தான பிடிகளைக் குறைத்து அவர் உருவாக்கியதே ஜூடோ. பிற்காலத்தில் ஆசிரியர் கலாசாலை அதிபராக நெடுங்காலம் இருந்தவர் அவர். சண்டையைவிடப் பிள்ளைகளின் படிப்பாகவே இதைப் பார்த்தார்.

உடுப்பு மாறியதும் அந்தப் பார்வையில்தான். பிடித்து இழுத்தாலும் கிழியாத தடித்த பருத்தி நெசவு; தோல் உரியாமலிருக்க நீண்ட கையும் நீண்ட காற்சட்டையும். இன்று நாம் காணும் வடிவம் 1907 அளவில் வந்தது. தேர்ந்தவர்களுக்குக் கறுப்புப் பட்டி கட்டும் வழக்கமும் 1880களில் அவர் பள்ளியில் தொடங்கியதே. துவைக்காத வெள்ளைப் பட்டி அழுக்கேறிக் கறுப்பானது என்று எங்கள் வகுப்பில் சொன்னது வெறும் கதை.

கராத்தே உடுப்பும் இதன் பிள்ளைதான். ஒகினாவாத் தீவில் கராத்தேக்கென்று தனி உடுப்பு இருக்கவில்லை. 1922 இல் அங்கிருந்து டோக்கியோ வந்த கிச்சின் புனாகோஷியை, கானோ கோடோகானுக்கு அழைத்துக் கராத்தேயைச் செய்து காட்டவைத்தார். அதன் பிறகு ஜூடோ உடுப்பே மெல்லிய துணியில் கராத்தேக்கு வந்தது. கராத்தேயில் சட்டையைப் பிடித்து இழுக்கும் வேலை குறைவு. தடித்த துணி தேவைப்படவில்லை. கறுப்புப் பட்டியும் கூடவே வந்தது.

1909 இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியர் கானோ. 1938 மே மாதம், கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் கூட்டம் முடிந்து திரும்பும் வழியில், கப்பலிலேயே காலமானார். ஜூடோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1964 இல், டோக்கியோவில்.

புகுடாவிடம் பழகிய காலத்தில் அவர் உடுத்த சட்டையைக் கோடோகானில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கிழிந்து, தைத்து, மறுபடி கிழிந்து, மறுபடி தைத்த சட்டை. அதைப் படத்தில் பார்த்தபோது அம்மாவின் கைமெசின்தான் நினைவுக்கு வந்தது.

போன மாதம் கல்லடிப் பக்கம் மாலை வகுப்பொன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பிள்ளை மதிலோரம் இருந்தாள். உடுப்பு வாங்கியபின் சேர்வாளாம். கானோ அந்த உடுப்பை மாற்றியது பிள்ளைகளின் தோல் உரியாமலிருக்க. யாரையும் வெளியே இருத்திவைக்க அல்ல. பட்டியைத்தான் பழகிப் பெற வேண்டும். உடுப்பைப் பிறகு தைத்துக்கொள்ளலாம்.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, நான் கராத்தேயை விட்ட காரணத்தைச் சொன்னேன். கிழிந்த அன்றே கொண்டு வந்திருந்தால் தைத்துத் தந்திருப்பேனே என்றுதான் கவலைப்பட்டார்.