வெற்றியிலும் தோல்வியிலும் முதல்வர்

அமெரிக்கப் பேஸ்பால் வரலாற்றில் மிக அதிக வெற்றிகளைக் குவித்த பந்தெறிவாளர் யார்? சை யங். மிக அதிகத் தோல்விகளைச் சந்தித்தவர் யார்? அவரும் சை யங்தான்!

1867-இல் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் டென்டன் யங். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவர் எறிந்த பந்துகள் பட்டு வேலிப் பலகைகள் உடைந்ததால் சூறாவளி எனும் பொருளில் ‘சைக்ளோன்’ என்று அழைத்தார்களாம். அதுவே பின்னர் ‘சை’ எனச் சுருங்கியது.

1890-இல் கிளீவ்லாந்து குழுவின் வழி முதன்மை லீக்கில் கால்பதித்தார். 1903-இல் பாஸ்டன் குழு முதல் உலகத் தொடரை வெல்லத் துணை நின்றார். மறு ஆண்டு, 37 வயதில், ஓர் ஆட்டத்தில் தம்மை எதிர்கொண்ட 27 பேரில் ஒருவரைக்கூட முதல் தளத்தைத் தொடவிடவில்லை.

22 பருவங்கள் ஆடி, 1911-இல் விடைபெற்றபோது அவர் கணக்கில் 511 வெற்றிகள். 300-க்கும் மேற்பட்ட தோல்விகள். இரண்டுமே இன்றுவரை முறியடிக்கப்படாதவை.

1955-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு முதல் தலைசிறந்த பந்தெறிவாளருக்கான விருது அவர் பெயரிலேயே வழங்கப்படுகிறது. முந்நூறு முறை தோற்றும் மீண்டும் பந்தைக் கையில் எடுத்தவருக்கு அதைவிடப் பொருத்தமான மரியாதை வேறேது?