வெந்நீருக்குக் கணக்குச் சொன்ன ஜூல்

மார்கழி மாதம். பனமரத்துப்பட்டியில் ஆனாலும் சரி, பக்கத்துச் சேலத்தில் ஆனாலும் சரி, காலையில் குளிக்க வெந்நீர் வேண்டும். எந்தக் கெய்சர் வாங்குவது? தொட்டியில் தண்ணீரைத் தேக்கிச் சுடவைப்பதா? தொட்டியே இல்லாமல், குழாயைத் திறந்ததும் வெந்நீர் தருவதா?

இந்தக் கேள்விக்குக் கணக்குச் சொல்லிவிட்டுப் போனவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்.

பீர் ஆலைப் பிள்ளை

இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த சால்போர்டில், 1818-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி ஜூல் பிறந்தார். தந்தை பீர் ஆலை முதலாளி. பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் பிள்ளைக்கு முதுகெலும்பில் கோளாறு. கூச்ச சுபாவம் வேறு. வீட்டிலேயே பாடம் நடந்தது. அணுக்கொள்கை கண்ட ஜான் டால்டன் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பட்டப்படிப்பு எதுவும் இல்லை.

நீராவி எந்திரத்துக்குப் பதில் மின்சார மோட்டார் வைத்தால் செலவு குறையுமா என்று ஜூல் ஆராய்ந்தார். அந்தக் காலத்து பாட்டரியில் துத்தநாகம் கரையும். நிலக்கரியைவிட அதற்கே செலவு அதிகம்! ஆசை பலிக்கவில்லை. ஆனால் கணக்குப் பார்க்கும் புத்தி அவரை விடவில்லை.

தண்ணீரில் ஒரு கம்பி

1840-ம் ஆண்டு. தண்ணீருக்குள் கம்பிச் சுருளை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். வெப்பமானியைப் பார்த்தார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால், சூடு நான்கு மடங்காகியது. மூன்று மடங்கானால், ஒன்பது மடங்காகியது!

லண்டன் ராயல் சங்கம் அவரது கட்டுரையை முழுமையாக வெளியிடவில்லை. சுருக்கம் மட்டுமே வந்தது. 1843-ல் அயர்லாந்தில் விஞ்ஞானிகள் முன் பேசினார். யாரும் பொருட்படுத்தவில்லை. ஜூல் சோர்ந்துவிடவில்லை. எடைக்கற்கள் இறங்கும்போது தண்ணீருக்குள் துடுப்பு சுழலும்படி கருவி செய்தார். கலக்கக் கலக்கத் தண்ணீர் சூடாகியது. இவ்வளவு உழைப்புக்கு இவ்வளவு சூடு என்று அளந்து காட்டினார்.

1847-ல் ஆக்ஸ்போர்டில் வில்லியம் தாம்சன் என்ற இளம் பேராசிரியர் அதைக் கவனித்துக் கேட்டார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர் அவர்தான். அதன்பிறகு உலகமும் கேட்டது.

ஆனால் குடும்ப வாழ்வில் இடி விழுந்தது. 1854-ல் மனைவி அமீலியா காலமானார். இரண்டு குழந்தைகளுடன் ஜூல் தனித்து நின்றார். பிற்காலத்தில் கைப்பணமும் கரைந்தது. 1878-ல் அரசாங்கம் உதவித்தொகை வழங்கியது. 1889-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி அவர் மறைந்தார். ஆற்றலை அளக்கும் அலகுக்கு இன்றும் 'ஜூல்' என்றே பெயர்.

எதை வாங்கலாம்?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4,200 ஜூல் வேண்டும். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற, ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு செலவாகும். தொட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் மாற்றம் இல்லை. தொட்டியில் தேங்கி ஆறிப்போகும் சூடு மட்டுமே மிச்சம்.

3 கிலோவாட் கெய்சரில் அந்த வாளி நிரம்ப 7 நிமிடம் ஆகும். மின்னழுத்தம் 230 வோல்ட்டில் இருந்து 180-க்கு இறங்கினால், சூடு 60 சதவீதம் ஆகிவிடும். தொட்டி இருந்தால் சிறிது நேரம் காத்திருக்கலாம். தொட்டி இல்லாவிட்டால் வெதுவெதுப்பான நீர்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கெய்சர் 13 ஆம்பியர் இழுக்கும். கெய்சர் கம்பியில் ஏறும் சூடு சுவரில் ஓடும் வயரிலும் ஏறும். விளக்குக்குப் போட்ட மெல்லிய வயர் தாங்காது. அதில் ஐந்து மடங்கு மின்னோட்டம் பாய்ந்தால் இருபத்தைந்து மடங்கு சூடு! தீப்பிடிக்கலாம்.

ஆகவே முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்துத் தடித்த வயரில் தனி லைன் இழுக்க வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெய்சர் வாங்குவது அதற்குப் பிறகுதான்.