கதைவழி மெய்ம்மை கண்ட லூயிஸ்

இரவு வானத்தை அண்ணாந்து நோக்கி வியவாத மனிதர் இலர். அங்கே ஒளிரும் கோள்களில் உயிர்கள் உளவோ, உளவாயின் அவை எவ்வாறு வாழ்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது மனித இயல்பு. அறிவியல் வளர்ந்த காலத்தில் இவ்வெண்ணம் விண்வெளிக் கதைகளாக உருவெடுத்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னும் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்சும் இத்துறையில் பெரும்புகழ் பெற்றனர். பொறிகளின் ஆற்றலையும் மனிதனின் துணிவையும் இத்தகைய கதைகள் சிறப்பித்துப் பேசின. அவ்வகைக் கதைக்குள்ளே கிறிஸ்தவ சமயத்தின் ஆழ்ந்த உண்மைகளை அமைத்து, அதனைப் புதியதொரு நெறியிற் செலுத்தியவர் சி. எஸ். லூயிஸ் என்னும் பேரறிஞர். அவர் கடவுள் நம்பிக்கையை எளிதிற் பெற்றவர் அல்லர். இளமையில் இழந்து, நெடுங்காலம் தேடி, மீண்டும் அடைந்தவர்.

இளமைப் பருவம்

கிளைவ் ஸ்டேப்பிள்ஸ் லூயிஸ் என்பது அவரது முழுப்பெயர். அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள பெல்பாஸ்ட் நகரில் 1898-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஆல்பர்ட் லூயிஸ் வழக்கறிஞராக விளங்கினார். தாயார் புளோரா கிறிஸ்தவ குரு ஒருவரின் மகள். கணிதத்திற் பட்டம் பெற்றவர். லூயிசுக்கு வாரன் என்னும் தமையனார் ஒருவர் இருந்தார். அவர்கள் வாழ்ந்த பெரிய வீட்டில் எங்கு நோக்கினும் நூல்கள் குவிந்து கிடந்தன. மழை பெய்து வெளியே செல்ல இயலாத நாள்களில் அந்நூல்களே சிறுவர் இருவருக்கும் விளையாட்டுத் தோழர் ஆயின.

படிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. விலங்குகள் ஆடையணிந்து மனிதரைப்போற் பேசும் நாடு ஒன்றை இளையவர் கற்பனையிற் படைத்தார். தமையனாரோ இந்தியாவைத் தம் கற்பனை நாடாகக் கொண்டார். பின்னர் இருவரும் தத்தம் நாடுகளை இணைத்து, பாக்சன் என்று பெயரிட்டு, அதற்கு வரலாறும் வகுத்தனர்; படங்களும் வரைந்தனர். பின்னாளில் உலகச் சிறுவரெல்லாம் உலவி மகிழ்ந்த நாடு ஒன்றைப் படைத்த கை இவ்வாறு பயிற்சி பெற்றது.

இன்பமாகச் சென்ற அவ்வாழ்வில் 1908-ஆம் ஆண்டு பேரிடி வீழ்ந்தது. தாயார் புற்றுநோய்க்கு ஆளானார். ஒன்பது வயதுச் சிறுவனாகிய லூயிஸ், அன்னை பிழைத்தெழ வேண்டும் என்று கடவுளை உருகி வேண்டினார். வேண்டுதல் பலிக்கவில்லை, ஆகஸ்டுத் திங்களில் அன்னை உயிர் நீத்தார். அடுத்த சில வாரங்களிலேயே அவர் இங்கிலாந்திலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். தாயை இழந்து, வீட்டையும் பிரிந்த சிறுவனின் உள்ளத்தில் நம்பிக்கை மெல்லத் தேய்ந்தது. பதினைந்து வயது நிரம்புமுன் அவர் நாத்திகர் ஆனார்.

கல்வியும் போரும்

1914-ஆம் ஆண்டு முதல் கிர்க்பாட்ரிக் என்னும் ஆசிரியரிடம் அவர் தனியே பயின்றார். சான்று இல்லாமல் ஒரு சொல்லும் சொல்ல இடங்கொடாத கண்டிப்பான ஆசிரியர் அவர். கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்ததோடு, எதனையும் ஆராய்ந்து தெளியும் திறத்தையும் மாணவருக்கு அளித்தார். அந்நாளில், 1916-ஆம் ஆண்டு, புகைவண்டி நிலையக் கடையொன்றில் ஜார்ஜ் மக்டொனால்டு எழுதிய புனைகதை ஒன்றை லூயிஸ் வாங்கினார். அதில் வீசிய தூய்மையின் நறுமணம் அவரை ஆட்கொண்டது. மக்டொனால்டு கிறிஸ்தவ குருவாகப் பணியாற்றியவர். ஆகவே, அறிவு கடவுளை மறுத்த அதே வேளையில், கற்பனை அவரை வேறொரு திசைக்கு அழைத்தது. இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்த போராட்டமே அவருடைய இளமையின் வரலாறு எனலாம்.

1917-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், விரைவிலேயே படையிற் சேர்ந்தார். தம் பத்தொன்பதாம் பிறந்தநாளன்று பிரான்சு நாட்டுப் போர்முனைப் பதுங்குகுழியை அடைந்தார். 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அருகே வெடித்த குண்டினாற் காயமுற்றார். உடன் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவர் அப்போரில் மாண்டார். அந்நண்பரின் தாயாரையும் தங்கையையும் காக்கும் பொறுப்பை லூயிஸ் ஏற்றார். அத்தாயாரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் பேணினார். கடவுளை மறுத்த காலத்திலும் கடமையை அவர் மறக்கவில்லை.

போர் முடிந்தபின் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பி, மூன்று தேர்வுகளில் முதல் வகுப்பிற் சிறப்புற்றார். 1925-ஆம் ஆண்டு அங்குள்ள மாடலின் கல்லூரியில் ஆங்கில இலக்கிய ஆசிரியராக அமர்ந்தார்.

மீண்டும் பெற்ற நம்பிக்கை

அங்கே அவருக்கு வாய்த்த நண்பர்களுள் தலைசிறந்தவர் ஜே. ஆர். ஆர். டோல்கின். பழைய ஆங்கில மொழியில் வல்லவர். கத்தோலிக்க சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். லூயிஸ் பண்டைப் புராணக் கதைகளில் உள்ளம் தோய்ந்தவர். எனினும் அவை அழகிய பொய்களே என்று கருதியவர். 1931-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஓரிரவு, டோல்கினும் டைசன் என்னும் மற்றொரு நண்பரும் லூயிசுடன் கல்லூரிச் சோலையில் உலவியவாறு நெடுநேரம் உரையாடினர். இறந்து மீண்டும் எழும் தெய்வங்களைப் பற்றிய பழங்கதைகள் உள்ளத்தை உருக்குகின்றன. அக்கதைகளுள் ஒன்று வரலாற்றில் உண்மையாகவே நிகழ்ந்ததாயின் அதனை ஏன் ஏற்றல் ஆகாது என்று அவர்கள் வினவினர். அவ்வினா அவர் உள்ளத்திற் பதிந்தது. சில நாள்களில் அவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். அறிவும் கற்பனையும் அன்றுமுதல் ஒரே வழியிற் சென்றன.

1933-ஆம் ஆண்டு, தம் மனமாற்றத்தை ஒரு பயணியின் கதையாக எழுதி வெளியிட்டார். ஜான் பன்யன் எழுதிய மோட்சப் பயண நூலை முன்மாதிரியாகக் கொண்டு அந்நூல் அமைந்தது. அப்பன்யனின் நூலைத் தழுவியே தமிழில் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றினார்.

கோள்களிற் சென்ற கதைகள்

தாங்கள் விரும்பும் வகையில் கதைகள் வெளிவரவில்லை. ஆதலின் தாங்களே எழுதவேண்டும் என்று லூயிசும் டோல்கினும் ஒருநாள் முடிவு செய்தனர். விண்வெளிப் பயணத்தை லூயிசும், காலப் பயணத்தை டோல்கினும் எழுதுவதென உறுதி கொண்டனர். டோல்கினின் கதை முற்றுப்பெறவில்லை. லூயிசின் கதையோ 1938-ஆம் ஆண்டு வெளிவந்தது.

ரான்சம் என்னும் மொழியறிஞரை இருவர் கவர்ந்து சென்று விண்கலத்தில் ஏற்றிச் செவ்வாய்க் கோளுக்குக் கொண்டுபோகின்றனர். ஒருவர் வெஸ்டன் என்னும் இயற்பியல் அறிஞர். மற்றவர் பொன்னாசை பிடித்தவர். அங்கே அறிவுடைய உயிரினம் மூன்று வாழ்கின்றன. ஓரினம் கவிபாடும், ஓரினம் ஆராய்ச்சி செய்யும், ஓரினம் கைவினை இயற்றும். மூன்றும் பகையின்றி ஒரே தலைமையின்கீழ் வாழ்கின்றன. பூவுலகின் காவல் தேவன் இறைவனுக்கு எதிராகக் கிளர்ந்தமையால், இவ்வுலகம் மட்டும் ஏனைக் கோள்களோடு தொடர்பற்று ஊமையாய்க் கிடக்கிறது என்று ரான்சம் அங்கே அறிகிறார். அயற்கோளினர் கொடியவர் என்று அஞ்சிச் சென்றவர், அஞ்சத்தக்கவன் பேராசை கொண்ட மனிதனே என்று தெளிந்து மீள்கிறார்.

1943-ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் கதை வெள்ளிக் கோளில் நிகழ்வது. மிதக்கும் தீவுகள் நிறைந்த அவ்வுலகின் முதற் பெண்ணை, ஏவாளைத் தூண்டியதுபோலத் தீமை தூண்டுகிறது. ரான்சம் தம் உடல் நலியப் போரிட்டு அத்தீமையை வெல்கிறார். மூன்றாம் கதை, அணுகுண்டு வீழ்ந்த 1945-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அறிவியலின் பெயரால் மக்களை அடிமைப்படுத்த முயலும் ஒரு நிறுவனத்தின் கொடுமையை அது விளக்குகிறது.

லூயிஸ் அறிவியலுக்குப் பகைவர் என்று சிலர் குறைகூறினர். பின்னாளில் இலங்கையிற் குடியேறிய விண்வெளிக் கதையாசிரியர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடன் மடல்வழி வாதிட்டார். அறிவியலை வெறுக்கவில்லை, அறத்திற் பிரிந்த ஆற்றலையே அஞ்சுவதாக லூயிஸ் விளக்கினார். மனித இனம் எவ்வகையிலேனும் விண்ணெங்கும் பரவுவதே தலையாய நோக்கம் என்னும் கொள்கை, பிற உயிர்களை அழிக்கவும் துணியும் என்பது அவர் கருத்து. கருத்து வேறுபட்டும் இருவரும் ஒருவரையொருவர் மதித்தனர். நேரிலும் சந்தித்து உரையாடினர்.

நார்னியா நாடு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 முதல் 1944 வரை, வானொலி வாயிலாகச் சமய உண்மைகளை எளிய மொழியில் அவர் விளக்கினார். போரினால் நகரங்களிலிருந்து அனுப்பப்பெற்ற குழந்தைகள் சிலர் அவர் இல்லத்தில் தங்கினர். அத்தகைய குழந்தைகள் நால்வரை வைத்தே நார்னியாக் கதை தொடங்குகிறது. 1950 முதல் 1956 வரை ஏழு நூல்கள் வெளிவந்தன. அஸ்லான் என்னும் சிங்கம் அந்நாட்டின் இறைவன். காட்டிக்கொடுத்த சிறுவன் ஒருவனுக்காக அது தன் உயிரை ஈந்து, மீண்டும் உயிர்த்தெழுகிறது. அத்தகைய நாடு ஒன்று இருந்து, அங்கே கிறிஸ்து தோன்றினால் எவ்வாறு இருக்கும் என்னும் எண்ணத்தின் விளைவே அச்சிங்கம்.

1955-ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் டிகோரி என்னும் சிறுவன் வருகிறான். அவன் தாய் நோயுற்றுச் சாகும் நிலையில் இருக்கிறாள். நார்னியாவைக் காக்கும் கனி ஒன்றைக் கொணருமாறு சிங்கம் அவனை அனுப்புகிறது. கனியைத் தாயிடம் கொண்டு செல்லுமாறு சூனியக்காரி தூண்டுகிறாள். அவன் உள்ளம் துடிக்கிறது. எனினும் கொடுத்த வாக்கைக் காக்கிறான். பின்னர்ச் சிங்கமே மனமுவந்து மற்றொரு கனியை அளிக்கிறது. தாய் நலம் பெறுகிறாள். ஒன்பது வயதில் அன்னையை இழந்த லூயிஸ், தமக்குக் கிடைக்காத கனியை அச்சிறுவனுக்கு அளித்தார். அக்கனியையும் களவினால் அன்றி, கீழ்ப்படிதலின் பின் கிடைத்த கொடையாகவே அமைத்தார்.

இறுதிச் சோதனை

1954-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜாய் டேவிட்மன் என்பாரை 1956-ஆம் ஆண்டு அவர் மணந்தார். அம்மையாரும் முன்பு நாத்திகராய் இருந்தவர். சிறிது காலத்தில் அவரையும் புற்றுநோய் பற்றியது. 1957-ஆம் ஆண்டு மருத்துவமனைப் படுக்கையருகே சமய முறைப்படியும் மணவினை நிகழ்ந்தது. நோய் சற்றே தணிந்தது. வேண்டுதல் பலித்ததென்று யாவரும் மகிழ்ந்தனர். ஆயினும் 1960-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அம்மையார் மறைந்தார். அன்னையைக் கவர்ந்த நோயே மனைவியையும் கவர்ந்தது.

உலகிற்கு நம்பிக்கையை எடுத்துரைத்தவரின் நம்பிக்கை இப்போது உலைக்களத்தில் இடப்பட்டது. கடவுள் அன்புடையவர்தாமா என்று அவர் கலங்கினார். அக்கலக்கத்தை மறைத்து வைக்கவில்லை, உள்ளபடியே எழுதினார். 1961-ஆம் ஆண்டு வேறொரு பெயரில் அக்குறிப்புகளை வெளியிட்டார். சிறுவயதில் துயரம் அவர் நம்பிக்கையைப் பறித்தது. முதுமையில் வந்த துயரமோ அதனைப் பறிக்க இயலவில்லை. வினாக்களுக்கெல்லாம் விடை கிடைக்காவிடினும், அமைதியோடு கடவுளைப் பற்றி நிற்க அவர் கற்றார். மனைவியாரின் புதல்வர் இருவரையும் தம் மக்களாகவே பேணினார்.

நூல்களால் வந்த பொருளின் பெரும்பகுதியை ஏழை எளியவருக்கு வழங்கினார். மடல் எழுதிய சிறுவர்க்கும் தம் கையாலேயே விடை எழுதினார். 1963-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும் அன்றே ஆதலின், அறிஞரின் மறைவை அப்போது பலர் அறிந்திலர். 50 ஆண்டுகள் கழிந்தபின், 2013-ஆம் ஆண்டு, இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பேராலயத்தில் கவிஞர்க்குரிய பகுதியில் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பெற்றது.

விண்கலங்கள் இன்று செவ்வாயில் இறங்கி ஆராய்கின்றன. லூயிஸ் கற்பனையிற் கண்ட உயிரினம் எதனையும் அவை காணவில்லை. எனினும், எட்டாத உலகை எட்டும் மனிதன் தன் உள்ளத்து ஆசையையும் உடன்கொண்டே செல்கிறான் என்று அவர் காட்டிய உண்மை பழுதுபடவில்லை. அறிவு வளருந்தோறும் அறமும் அருளும் வளர வேண்டும் என்பதே அவர் கதைகள் நமக்குப் புகட்டும் பாடமாகும்.