பூட்ஸுக்காக எலும்பை அறுத்தவர்

சென்னை லயோலா கல்லூரி எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குரிய ஸ்பெயின் நாட்டுப் புனிதர் இஞ்ஞாசியார், இளமையில் சரியான அலங்காரப் பிரியர்!

1521-ல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டு கால் நொறுங்கியது. ஆறிய பிறகு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இறுக்கமான பூட்ஸ் போட முடியாதேன்னு, மயக்க மருந்தில்லாத அந்தக் காலத்தில் அதை அறுக்கச் சொன்னார். படுக்கையில் வாசிக்க சாகசக் கதை கேட்டார். வீட்டில் இருந்ததோ இயேசு வரலாறும் புனிதர்கள் கதையும்தான். வேற வழி? படித்தார், மனசு மாறியது.

அடுத்த வருடத் தவக்காலம். மார்ச் 24 இரவு, மான்செராட் மலைக்கோயிலில் வாளை விட்டுவிட்டு, தன் உயர்ந்த உடையைப் பிச்சைக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். நல்ல காரியம்தானே? ஆனா, திருடியதாகச் சந்தேகப்பட்டு அந்த ஏழையைப் படுத்திவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அழுதுவிட்டார் இஞ்ஞாசியார்.

சில நாள் தங்கப் போன மன்ரேசாவில் பத்து மாதங்களுக்கு மேல் ஆனது. முடி, நகம் வெட்டவில்லை. எத்தனை முறை பாவசங்கீர்த்தனம் செய்தும் குற்ற உணர்ச்சி தீரவில்லை. உயிரை விடும் எண்ணம்கூட வந்தது. ஒரு வாரம் முழுப் பட்டினி. கடைசியில், சாப்பிடச் சொல்லிக் கட்டளையிட்டவர் அவருடைய குருவானவரேதான்! சாப்பிட்டார். போகப்போக முடியும் நகமும் வெட்டினார், இறைச்சியும் எடுத்துக்கொண்டார். அங்கே எழுதத் தொடங்கிய குறிப்புகள் வளர்ந்து, 1548-ல் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலாக அச்சானது. அதில் சாப்பாட்டுக்கென்றே தனி விதிகள் உண்டு.