நூட் ராக்னி

நூட் ராக்னி (மார்ச் 4, 1888 – மார்ச் 31, 1931) நோர்வேயில் பிறந்த அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரரும் பயிற்றுனரும் ஆவார். இந்தியானா மாநிலத்தின் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணிக்கு 1918 முதல் 1930 வரை தலைமைப் பயிற்றுனராக இருந்தார். இக்காலத்தில் அவ்வணி 105 போட்டிகளில் வென்றது. 12 போட்டிகளில் தோற்றது. 5 போட்டிகள் சமநிலையில் முடிந்தன. வெளியூர் இரசிகர்கள் திரளும் போட்டி வார இறுதி அங்கு ஒரு மரபாக நிலைபெற இவரது பணி முக்கிய காரணமாகும்.

இளமை

வோஸ் என்னும் ஊரில் பிறந்த ராக்னி, ஐந்து வயதில் குடும்பத்துடன் சிக்காகோவில் குடியேறினார். அஞ்சல் நிலையத்தில் வேலை செய்து பணம் சேர்த்து, 1910 இல், தமது 22 ஆவது வயதில் நோட்டர் டேமில் சேர்ந்தார். 1914 இல் மருந்தியலில் பட்டம் பெற்றார்.

அமெரிக்கக் காற்பந்தாட்டம் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படுவது. பந்தை முன்னோக்கி எறிய 1906 இல் அனுமதி கிடைத்தும் பல அணிகள் அதனை அரிதாகவே கையாண்டன. 1913 கோடையில் ராக்னியும் அணித்தோழர் கஸ் டோரைசும் ஒகையோவின் ஏரிக்கரையில் இம்முறையைப் பயின்றனர். நவம்பர் 1, 1913 அன்று வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணியை நோட்டர் டேம் 35-13 எனத் தோற்கடித்தது.

பயணம் செய்த அணி

பல்கலைக்கழகத்தின் பழைய கார்ட்டியர் திடலில் பெருங்கூட்டத்துக்கு இடமில்லை. எனவே ராக்னி அணியைத் தொடருந்தில் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற தொலைநகரங்களுக்கு அழைத்துச் சென்றார். கத்தோலிக்கர் மீது வெறுப்பு நிலவிய அக்காலத்தில், ஐரிய, இத்தாலிய, போலந்துக் குடியேறிகள் பலர் இக்கத்தோலிக்கக் கல்லூரியின் அணியைத் தமதாகவே கருதினர். அங்கு படிக்காத இந்த இரசிகர்களுக்குச் 'சுரங்கத் தொடருந்துப் பழைய மாணவர்கள்' என்ற பெயர் ஏற்பட்டது.

புதிய அரங்கம்

அரங்கம் கட்டப்பட்டதால் 1929 இல் அணி அனைத்துப் போட்டிகளையும் வெளியிடங்களில் ஆடியது. காலில் சிரை அழற்சியுற்ற ராக்னி சில போட்டிகளைச் சக்கர நாற்காலியிலிருந்து வழிநடத்தினார். எனினும் அணி ஒன்றிலும் தோற்கவில்லை. ஏறத்தாழ 54,000 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கில் முதல் போட்டி அக்டோபர் 4, 1930 அன்று நடைபெற்றது. இருக்கைகள் திடலுக்கு அருகில் அமைய வேண்டும் என்பதில் ராக்னி கவனம் செலுத்தினார். வாகன நிறுத்தம், போக்குவரத்து ஆகியவற்றுக்கும் அவரே திட்டம் வகுத்தார். அவ்வாண்டும் அணி தோல்வியின்றித் தேசிய வாகையர் பட்டம் பெற்றது.

மறைவு

மார்ச் 31, 1931 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நோக்கிச் சென்ற விமானம் கான்சஸ் மாநிலத்தில் விழுந்து ராக்னி உட்பட எண்மரும் இறந்தனர். விமானத்தின் மர இறக்கை முறிந்ததே காரணம். இவ்விபத்து அமெரிக்க விமானப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட வழிகோலியது. தாம் திட்டமிட்ட அரங்கில் அவர் ஒரே ஒரு பருவம் மட்டுமே பயிற்றுனராக இருந்தார்.

போட்டி வார இறுதி

நோட்டர் டேமின் உள்ளூர்ப் போட்டிகள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடைபெறுகின்றன. முதல் நாளே வரும் இரசிகர்கள் வெள்ளிக்கிழமை உற்சாகக் கூட்டத்தில் கலந்துகொள்வர். போட்டியன்று வாகன நிறுத்துமிடங்களில் சமைத்துப் பகிர்ந்து உண்பர். 1896 இல் அமைக்கப்பட்ட லூர்து அன்னை கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுவர். பொற்குவிமாடக் கட்டடத்தில் இசைக்குழுவின் எக்காள இசையைக் கேட்டபின் அரங்கம் செல்வர். எதிரணி இரசிகர்களையும் அரங்கப் பணியாளர்கள் வரவேற்பது வழக்கம். அரங்கின் வெளியே ராக்னியின் சிலை அமைந்துள்ளது.