களத்தில் பிறந்த நகை: கவிச்சக்கரவர்த்தி சயங்கொண்டார்

நகைச்சுவை என்றவுடன் சிலேடையும் அங்கதமுமே நம் நினைவில் எழுகின்றன. அச்சமும் அருவருப்பும் தரும் உருவங்களைக் காட்டி, அவற்றைக் கொண்டே நகைக்கச் செய்யும் கலையும் தமிழில் உண்டு. அக்கலையில் தலைநின்றவர் சயங்கொண்டார்.

அவர் பிறந்த ஊர் சோழநாட்டுத் தீபங்குடி என்பர். கி.பி. 1070இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனின் அவையில் கவிச்சக்கரவர்த்தியாக விளங்கினார். திறை செலுத்தத் தவறிய கலிங்க வேந்தன்மீது, கி.பி. 1110ஐ ஒட்டி, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் சோழப்படை சென்று வென்றது. அவ்வெற்றியைப் புலவர் பரணியாகப் பாடினார். போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனைப் பாடுவது பரணி. தோற்றவர் பெயரால் அதனை வழங்குவது மரபு. ஆதலின் நூல் கலிங்கத்துப்பரணி ஆயிற்று. இன்று கிடைக்கும் பரணிகளுள் காலத்தால் முற்பட்டது அதுவே. அரங்கேற்றத்தின்போது பாடல்தோறும் மன்னன் பொற்றேங்காய் ஒன்றை உருட்டினான் என்பது செவிவழிச் செய்தி.

அந்நூலில் காளியின் பேய்கள் பசியால் வாடுகின்றன. மாயவித்தை வல்ல பேயொன்று போர்க்களத்தைப் பொய்யாகத் தோற்றுவிக்க, அவை பாய்ந்தள்ளி வெறுங்கையோடு நிற்கின்றன. மெய்ப்போர் முடிந்ததும் வீரர் பற்களை அரிசியாக்கி, முரசை உரலாகவும் யானைத் தந்தத்தை உலக்கையாகவும் கொண்டு குற்றிக் கூழடுகின்றன. பந்தியில் நம் ஊர் விருந்தின் ஆரவாரம் அத்தனையும் கேட்கிறது. தோற்ற கலிங்கரோ உயிர்தப்ப வேண்டி வேடம் புனைகின்றனர்: ஒருவன் வில்நாணைப் பூணூலாக்குகிறான், மற்றொருவன் தலைமயிர் களைந்து துறவியாகிறான்.

இப்பகுதிகள் சுவைக்கேடானவை என ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வெற்றிமுழக்கம் மட்டுமே ஒலித்திருந்தால் அந்நூல் மெய்க்கீர்த்தியாக முடிந்திருக்கும். பேய்களின் சிரிப்பினூடே மாண்டோரின் உடல்கள் நம் கண்முன் நிற்கின்றன. மன்னனைப் புகழ்ந்த புலவர், அப்புகழின் விலையையும் மறைத்தாரல்லர். நகையும் அச்சமும் இளிவரலும் தனித்தனி மெய்ப்பாடுகள் என்பது தொல்காப்பியம்; அம்மூன்றையும் ஒரே களத்தில் கூட்டியதே இவரது ஆற்றல்.

எனினும் குருடும் ஊமையும் பிற சமயத்தாரும் அங்கே நகைப்பொருளாவதை நாம் ஆராயாது ஏற்றல் ஆகாது. எளியோரை நோக்கிய சிரிப்பு வேறு. போரின் கொடுமையைப் புலப்படுத்தும் சிரிப்பு வேறு. இரண்டையும் பிரித்தறிவதே இலக்கியக் கல்வி.

நம் தருமபுரியாகிய பழந்தகடூரும் பெருஞ்சேரல் இரும்பொறையின் படையெடுப்பில் வீழ்ந்த ஊரே. தோற்றவர் மண்ணில் வாழும் நம் மாணவச் செல்வங்கள், கலிங்கத்துப்பரணியைக் கலிங்கர் பக்கம் நின்றும் ஒருமுறை பயில்வார்களாக.