கல்லைக் கண்டார், எலும்பைத் தேடினார்!



டிப்ளமோ முடித்துவிட்டு நம்மில் பலபேர் போய் நிற்கப்போவது ஒரு குழியின் கரையில்தான். சிவில்காரனுக்கு அஸ்திவாரக் குழி, ரோட்டுக்கு மண் எடுக்கும் கிராவல் குழி. மெக்கானிக்கல்காரனுக்கு அந்தக் குழியைத் தோண்டும் எந்திரம். அப்படி ஒரு குழியின் கரையில் நின்று, கல்லோடு கல்லாகக் கிடந்த ஒரு கல்லைக் குனிந்து எடுத்ததாலேயே இந்திய வரலாற்றைப் பல லட்சம் ஆண்டுகள் பின்னால் தள்ளிவைத்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் இராபர்ட் புரூஸ் ஃபூட். நம்ம புதுக்கோட்டை மண்ணையும் மிதித்து அளந்தவர் அவர்.

1834-இல் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, 24 வயதில் சென்னைக்கு வந்தார். பாறைகளை வகை பிரித்து வரைபடத்தில் குறிப்பதுதான் வேலை. நாம் சர்வே கேம்ப் போனால் பத்து நாளில் கால் வலிக்கிறது என்கிறோம். அவருக்கு வாழ்க்கையே சர்வே கேம்ப்! குதிரையும் மாட்டு வண்டியும்தான் அன்றைய வாகனம்.

1862-இல் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தார். இந்தப் பெர்சிவல் தமிழுக்குப் புதியவர் அல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டவர். மாமனார் சொல்லைத் தேடினார், மருமகன் கல்லைத் தேடினார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

கதைக்கு முன்னால் ஐரோப்பாவுக்கு ஒரு நடை போய் வருவோம். மாமூத் என்ற மாபெரும் யானையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வடதேசத்துக் குளிருக்கு உடம்பெல்லாம் கம்பளி போல ரோமம், வளைந்து சுழன்ற நீண்ட தந்தம். அதன் எலும்புகள் ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் அடிக்கடி கிடைத்தன. 1796-இல் கூவியர் என்ற பிரெஞ்சு அறிஞர், அந்த எலும்பையும் பல்லையும் இன்றைய யானைகளுடையதோடு ஒப்பிட்டு, இது வேறு இனம், பூமியைவிட்டே அழிந்துபோன இனம் என்று காட்டினார். ஒரு விலங்கினம் அடியோடு அழியும் என்பதே அப்போது புதுச் செய்தி.

அதே பிரான்சில் அபேவில் என்ற ஊர். அங்கே பூஷே த பெர்த் என்ற சுங்க அதிகாரி, சோம் ஆற்றுச் சரளைக் குழிகளில் மாமூத் எலும்புகள் கிடந்த அதே அடுக்கிலேயே மனிதன் செதுக்கிய கல் கோடரிகளும் கிடக்கின்றன என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அறிஞர்கள் காதில் வாங்கவில்லை. 1859-இல் இங்கிலாந்திலிருந்து பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்ற இருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அவர் சொன்னது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஏன் இவ்வளவு பரபரப்பு? கல்லுக்கு வயது சொல்லத் தெரியாத காலம் அது. மாமூத் அழிந்துபோன விலங்கு. அதன் எலும்போடு கோடரி கிடந்தால், மாமூத் உயிரோடு உலவிய காலத்தில் மனிதனும் இருந்திருக்கிறான் என்று ஆகிறது. ஆக, அழிந்த விலங்கின் எலும்புதான் அன்றைக்குக் கடிகாரம்.

இந்தச் செய்தி ஃபூட்டையும் உசுப்பிவிட்டது. நம் ஊர்ச் சரளையிலும் இருக்குமோ என்று கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு நடந்தார். 1863 மே 30. கத்திரி வெயில் கொளுத்தும் நாள்! சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், சரளைக்கல் எடுக்கத் தோண்டிய குழி ஒன்றில் அவர் கண்ணில் பட்டது ஒரு கல். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, வேண்டுமென்றே வடிவம் கொடுத்த கல். தண்ணீர் உருட்டிய கல் அப்படி இருக்காது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே தொடக்கச் சான்று. அதே ஆண்டு செப்டம்பரில், துறைத் தோழர் வில்லியம் கிங்கோடு சேர்ந்து, கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் அதிரம்பாக்கம் என்ற இடத்தில் இன்னும் நிறையக் கருவிகளைக் கண்டார். குழி தோண்டிய ஆட்கள் எத்தனையோ கல்லைக் கூடையில் வாரிக் கொட்டியிருப்பார்கள். பார்க்கத் தெரிந்த கண் ஒன்று வந்தபிறகுதான் கல் பேசியது.

ஆனால் சிக்கல் இங்கேதான் ஆரம்பம். கோடரி கிடைத்தது, சரி. கடிகாரம் எங்கே? அந்தக் கருவிகள் கிடந்தது நம்ம ஊர்க்காரர்கள் செம்பூரான்கல் என்று சொல்லும் லேட்டரைட் சரளையில். புதுக்கோட்டைக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் அந்தச் செம்மண்ணும் செம்பூரானும் எங்கும் பரந்து கிடக்கின்றன. மழைநீர் இறங்கி இறங்கிச் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட, இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நிற்பதே லேட்டரைட். எலும்பு என்பது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். இந்த மண்ணில் எலும்பைப் புதைத்தால் காலப்போக்கில் கரைந்தே போய்விடும். கல் நிற்கும், எலும்பு நிற்காது! ஆகவே அபேவில்லில் கிடைத்த சாட்சி ஃபூட்டுக்குக் கிடைக்கவில்லை.

மனிதர் சோர்ந்துவிடவில்லை. பெல்காம் மாவட்டம் கோகாக் பக்கத்தில், சிக்தௌலி என்ற ஊரில், புதைபடிவமான காண்டாமிருக எலும்புகளைக் கண்டெடுத்தார். அதுவும் அழிந்துபோன இனம். தக்காணத்தின் பெயரையே அதற்குச் சூட்டி 1874-இல் வெளியிட்டார். தென்னிந்தியாவில் காண்டாமிருகம் திரிந்தது என்றால் நம்ப முடிகிறதா?

இதற்கு நடுவில்தான் அவர் வேலை நம் பக்கம் வருகிறது. மதுரையின் வடபகுதி, புதுக்கோட்டைச் சமஸ்தானம், தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் தென்பகுதி இவற்றின் பாறை அமைப்பை ஆராய்ந்து 1879-இல் கட்டுரை வெளியிட்டார். அப்போது இங்கே இராமச்சந்திரத் தொண்டைமான் ஆட்சி. நாம் இன்று பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே கடக்கும் நிலம், அவருக்கு ஒவ்வொரு அடியும் பாடம்.

எலும்பைத் தேடிய படலத்தின் உச்சம் கர்நூல் குகைகள். அந்தப் பகுதியில் பேதம்செர்லா அருகே பில்லசுர்க்கம் என்ற சுண்ணாம்புக்கல் குகைகளில் எலும்புகள் இருப்பதை 1844-லேயே நியூபோல்ட் என்ற படை அதிகாரி பார்த்துச் சொல்லியிருந்தார். அதன்பின் அப்படியே கிடந்தது. பரிணாமக் கொள்கைக்காக வாதாடிய புகழ்பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லி, சென்னை ஆளுநர் கிராண்ட் டஃபிடம் அந்தக் குகைகளைத் தோண்டிப் பார்க்கத் தூண்டினார். வேலை ஃபூட்டிடம் வந்தது. 1884-இல் அவர் தோண்டினார். தொடர்ந்து அவர் மகன், இராணுவ லெப்டினன்ட் ஹென்றி ஃபூட் தோண்டினார். செம்பூரான் எலும்பைத் தின்றுவிடும், ஆனால் சுண்ணாம்புக் குகை அதைக் காத்துவைக்கும். அப்படியே ஆயிற்று. எலும்புகள் ஏராளமாக வந்தன. லைடெக்கர் என்ற நிபுணர் அவற்றைப் பார்த்து, காண்டாமிருகம், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி ஆகியவற்றில் அழிந்துபோன இனங்கள் இருப்பதாக 1886-இல் எழுதினார்.

ஆனாலும் ஃபூட் ஆசைப்பட்டபடி, பல்லாவரத்துக் கோடரி மாதிரி ஒன்று அந்த எலும்புகளுக்கு நடுவே அகப்படவில்லை. மனிதன் செதுக்கியவை என்று அவர் கருதிய எலும்புக் கருவிகள் பற்றியும் நெடுநாள் விவாதம் நடந்தது. நர்மதைப் பள்ளத்தாக்கில் கல் கோடரியும் அழிந்த விலங்குகளின் எலும்பும் ஒரே படிவில் இருப்பதை 1870-களில் அவர் துறையைச் சேர்ந்த ஹேக்கெட் கண்டார். அது வேறொருவர் கைக்குப் போன அதிர்ஷ்டம்.

1891-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்று பெயர்தான்! பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக மறுபடியும் கல்லைத் தேடிப் போனார். ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டு, ஆயுள் முழுதும் சேர்த்த கருவிகளை ஒவ்வொன்றாக எண் போட்டு, எந்த ஊர், எந்த இடம் என்று எழுதிவைத்தார். அந்தத் தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் வாங்கிக்கொண்டது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். அவர் அஸ்தி ஏற்காட்டுத் தேவாலயத்தில் இருக்கிறது. அவர் எழுதிய பட்டியலும் குறிப்புகளும் 1914-லும் 1916-லும், அவர் மறைந்தபிறகே அச்சாயின.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 1999-இல் சாந்தி பப்பு என்ற தொல்லியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் அதிரம்பாக்கத்தை மறுபடி தோண்டத் தொடங்கினார்கள். ஃபூட்டுக்குத் தெரிந்தது மேலே உள்ள செம்பூரான் சரளை. அதன் கீழே உள்ள களிமண், டைனோசர் காலத்துப் படிவு, அதில் மனிதன் செய்த பொருள் இருக்காது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அதைத் தோண்டினால், அதற்குள்ளும் கல் கோடரிகள்! அதோடு மாட்டினம், குதிரையினம் போன்றவற்றின் புதைபடிவப் பற்கள், விலங்குகளின் காலடித் தடங்கள். 2003-இல் இதை வெளியிட்டார்கள். ஃபூட் தேடிய சாட்சி, அவர் நின்ற இடத்திலேயே சில மீட்டர் ஆழத்தில் கிடந்திருக்கிறது! வயது சொல்ல இன்று வேறு வழிகளும் உண்டு. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் கல்லில் உண்டாக்கும் தனிமங்களை அளந்து, அந்தக் கருவிகளின் வயது சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவித்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? ஃபூட் தேடியது அவர் கைக்கு வரவில்லை. ஆனால் எந்தக் கல் எந்த அடுக்கில், எந்த இடத்தில் கிடைத்தது என்று ஒழுங்காக எழுதிவைத்தார். அதனால்தான் 136 வருஷம் கழித்து வந்தவர்கள் அதே இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்ட முடிந்தது. ஃபீல்டு புக்கை ஒழுங்காக எழுது என்று நம்ம சார்கள் கத்துவதன் அர்த்தம் இதுதான்!

நம் மாவட்டத்தில் கிராவலுக்கும் கட்டடக் கல்லுக்கும் செம்பூரான் நாள்தோறும் தோண்டப்படுகிறது. எந்திரம் ஒரு அள்ளில் வாரிப்போடுவது எத்தனை ஆயிரம் வருஷத்து மண் என்று யார் கண்டது? நாளைக்கு அந்தக் குழியின் கரையில் சூப்பர்வைசராக நிற்கப்போகிறவர்கள் நாம்தான். வழக்கத்துக்கு மாறாக ஒரு கல்லோ, தாழியோ, கல்லாகிப்போன மரத்துண்டோ, எலும்போ கண்ணில் பட்டால் ஐந்து நிமிஷம் எந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டு அலமாரிக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இடம்விட்டு நகர்ந்த கல் பாதி ஊமை. கிடந்தபடியே படம் எடுத்து, ஆழத்தை அளந்து எழுதி, திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். அந்த மியூசியத்தை இதுவரை பார்க்காதவர்கள் ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். 1910-இல் தொடங்கியது, நம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தூரமில்லை.

தோண்டுவது யாருக்கும் கைவரும். தோண்டிய மண்ணைப் பார்ப்பதுதான் படிப்பு. அந்தப் படிப்போடு வெளியே போவோம், தோழர்களே!